அலாரத்துக்கு முன்னால்

கோயம்புத்தூரில் ஐசியூ டயாலிசிஸ் பார்க்கிறேன். சிஆர்ஆர்டி மெஷின், அதாவது இடைவிடாமல் மெதுவாக ஓடும் டயாலிசிஸ் மெஷின், கத்திய பிறகு நாம் ஓடுவதில் பயனில்லை. கத்துவதற்குப் பல மணி நேரம் முன்பே திரையில் எண்கள் ஏறத் தொடங்கிவிடும்.

செப்சிஸில், அதாவது தொற்று உடம்பு முழுக்கத் தாக்கி, ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு நாலு மணி நேர டயாலிசிஸ் தாங்காது. இரவு பகலாக மெதுவாக ஓட்டுகிறோம். ஃபில்டர் 72 மணி நேரம் வரை ஓடலாம். பலருக்கு அதில் பாதிகூட வருவதில்லை.

புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு இரண்டு எண்களைக் காட்டுவேன். ஃபில்டருக்குள் போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூடினால், இழைகளுக்குள் ரத்தம் உறைகிறது. அது அப்படியே இருக்க டிஎம்பி, அதாவது ஃபில்டர் சவ்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், மட்டும் ஏறினால், சவ்வின் துளைகளில் புரதம் படிகிறது. இதற்குப் போய் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரினை ஏற்றக் கூடாது. நீர் எடுக்கும் வேகத்தைக் குறைக்கணும், ரத்த ஓட்டத்தைக் கூட்டணும், எடுத்த நீருக்கு ஈடாகக் கொடுக்கும் ரீப்ளேஸ்மென்ட் திரவத்தை ஃபில்டருக்கு முன்னால் விடணும். பிளாஸ்மாவில் 20–25 சதவீதத்துக்கு மேல் பிழிந்தெடுத்தால் எந்த ஃபில்டரும் நிற்காது.

என்னைக் கேட்டால் முதல் சந்தேகம், ரத்தத்தை மெஷினுக்கு எடுத்துத் திருப்பிவிட ரத்தக்குழாயில் போடும் கேதீட்டர்மேல்தான் வரணும். தொடையில் போட்டது, ஆளைத் திருப்பிப் படுக்கவைத்தாலே மடங்கும். பம்ப் நின்று நின்று ஓடும், ரத்தம் தேங்கும், உறையும். ஸ்பாஞ்ச் கொடுக்கும்போது லைனை நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கேடிஐஜிஓ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வழிகாட்டுதல், ஹெபாரினைவிட, கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டையே பரிந்துரைக்கிறது. ஆனால் கல்லீரல் கெட்டவருக்கு அது உடம்பில் சேர்ந்துவிடும். கால்சியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போடுகிற பெரியவர் ஒருவர், மகனுக்காக வெளியே காத்திருந்தவர், கேட்டார்: "ஏனம்மிணி, நேத்துத்தான புதுசு போட்டீங்க, அதுக்குள்ள இன்னொண்ணுங்களா?"

"டிரிப் பைப்புல உப்புப் படிஞ்சு சொட்டு நின்னு போகுமில்லீங்க, அப்படித்தானுங்க."

"அதுக்கு நாங்க ஆசிட் உட்டுக் கழுவிருவமுங்க."

இதைக் கழுவ முடியாது என்றேன். பில் கட்டுவது அவர். ஃபில்டரின் மேல்மூடியில் கருஞ்சிவப்புக் கோடுகள் விழுந்திருந்தன. செட் முழுக்க உறைந்தால் உள்ளே இருக்கும் 150–200 மில்லி ரத்தமும் குப்பைக்குப் போகும். பையனுக்கோ ஹீமோகுளோபின் 7தான். அலாரம் வரட்டும் என்று இருக்காமல், ரத்தத்தை அவனுக்கே திருப்பி ஏற்றிவிட்டு செட்டை மாற்றினோம்.