இயக்குநராகச் சேர்ந்த கதை

அண்ணனுடைய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் இயக்குநர்கள் இருவர்தான். ஒருவர் காலமானதும், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் போயிற்று. அந்த நிலையில் எஞ்சியவர் புதிதாக ஒருவரைச் சேர்க்கலாம், பொதுக்கூட்டம் கூட்டலாம். மற்றபடி இயக்குநர் குழுவின் பெயரில் எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் அண்ணியின் தம்பியைத்தான் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கணக்கு வழக்கு தெரிந்த ஒரே ஆள் அவர். ஆனால் நிறுவனத்தின் சட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரி விசாரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நண்பருக்காக வேறொரு நிறுவனத்தில் இவர் இயக்குநராகப் பெயர் கொடுத்திருந்தாராம். அது தொடர்ந்து 3 நிதியாண்டுகள் ஆண்டறிக்கையே தாக்கல் செய்யவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி, 5 ஆண்டுகளுக்கு வேறு எந்த நிறுவனத்திலும் அவரை நியமிக்க முடியாது. 2017இல் இதே காரணத்தால் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மொத்தமாகத் தகுதியிழந்தார்கள் என்று செக்ரட்டரி சொன்னபோது அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்து என் முறை. பட்டம் வேண்டுமா, பங்கு வாங்க வேண்டுமா என்று கேட்டேன். சட்டம் இரண்டையும் கேட்பதில்லை. நிறுவனத்தின் செயல்முறை விதிகள் வேண்டுமானால் பங்கு கேட்கலாம், எங்களுடையவை கேட்கவில்லை. திவாலாகி அதிலிருந்து விடுபடாதவர், 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று அது முடிந்து 5 ஆண்டு ஆகாதவர், சித்தசுவாதீனம் அற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர் என, விலக்கப்பட்டோர் பட்டியல்தான் நீளம். கோடிக்கணக்கில் கடன் வாங்கும் நிறுவனத்தை நடத்த வரும் ஆளுக்கு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியுமா என்று ஒரு வரிகூட இல்லாதது எனக்கு இன்னும் வியப்புதான்.

உண்மையான தலைவலி இனிஷியலில் வந்தது. பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து என் பெயரோடு ஒட்டியிருந்தது. ஆதாரில் ஒற்றை எழுத்து. இயக்குநர் அடையாள எண்ணுக்கான விண்ணப்பத்தில் பெயர் பான் அட்டையோடு பொருந்த வேண்டும். ஆதாரைத் திருத்திய பிறகே டிஜிட்டல் கையொப்பம் வாங்கி விண்ணப்பித்தோம்.

எண் கிடைத்தது. சம்மதக் கடிதத்தையும், தகுதியிழப்பு ஏதுமில்லை என்ற உறுதிமொழியையும் அண்ணன் நீட்டினார். "முதலில் கடந்த 3 ஆண்டுத் தாக்கல் ரசீதுகளைக் காட்டுங்கள் அண்ணா" என்றேன். முகம் சுருங்கினாலும் எடுத்து வந்தார். எல்லாம் சரியாக இருந்தன, கையெழுத்திட்டேன். நியமன விவரத்தை 30 நாள் கெடுவுக்குள் செக்ரட்டரி பதிவு செய்தார். அடுத்து வரும் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை நான் கூடுதல் இயக்குநர். அதன்பின் தொடர்வதைப் பங்குதாரர்கள் முடிவு செய்வார்கள்.