மட் நிரலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவிய அனுபவம்

டெர்மினலை விட்டு நகராமல் மெயில் பார்க்க மட் இன்றும் நல்ல தேர்வு. மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கிய நிரல் இது. டெபியன் லினக்ஸில் ஒரே கட்டளையில் வந்துவிடும். ஆனால் எனக்கு டெபியனின் பொதிக் கிடங்கான ரெப்போவில் இருப்பதைவிடப் புதிய பதிப்பு வேண்டும், அதுவும் என் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆகவே மூலநிரலை எடுத்து, நானே கம்பைல் செய்து இயங்கும் நிரலாக மாற்ற முடிவு செய்தேன்.

இறக்குவது, கையொப்பத்தைச் சரிபார்ப்பது, விரிப்பது எல்லாம் சில நிமிட வேலை. நேரத்தைத் தின்றது, எந்தெந்த வசதி வேண்டும் என்று கேட்டு கம்பைலுக்குத் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்தான். அடிப்படை லைப்ரரிகள் இருந்தால், தெரிவு எதுவும் கொடுக்காமல் ஓட்டினாலும் அது பாட்டுக்கு முடிந்துவிடும். கிடைப்பதோ கணினியிலேயே இருக்கும் மெயில்பெட்டியை மட்டும் படிக்கிற நிரல். சர்வரிலுள்ள மெயிலைப் படிக்க ஐமேப், அனுப்ப எஸ்எம்டிபி, இணைப்பைக் குறியாக்க எஸ்எஸ்எல், சர்வரிடம் சான்றளிக்க எஸ்ஏஎஸ்எல், மெயில்களின் தலைப்பு விவரங்களைச் சேமித்து வைக்க ஹெடர் கேஷ் என ஒவ்வொன்றையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டேன். உடனே, டெர்மினலில் திரையை வரையும் கர்சஸ் லைப்ரரி இல்லை என்று நின்றது. இத்தனைக்கும் கணினியில் பாதி நிரல்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன! விஷயம் இதுதான்: ஓடுவதற்கான லைப்ரரி வேறு, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் வேறு. டெபியனில் இவை ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் இருக்கும். அதைப் போட்டேன். அடுத்து எஸ்எஸ்எல் இல்லை என்றது; அதற்கும் ஒரு டெவ். ஹெடர் கேஷுக்கு ஒரு தரவுத்தள லைப்ரரி வேண்டுமாம், ஜிடிபிஎம் கொடுத்தேன். சோர்ஸ் ரெப்போவை இயக்கி வைத்திருப்பவர்கள், பொதிகளை நிறுவும் ஆப்ட்டின் பில்ட்-டெப் கட்டளையால் இவ்வளவையும் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம். ஒவ்வொன்றாகப் போட்டதில் எது எதற்கு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கம்பைல் செய்ய மேக், நிறுவ மேக் இன்ஸ்டால். கடைசியில் டாட்லாக் கோப்பின் அனுமதியை மாற்ற முடியவில்லை என்று ஒரு புகார். கணினிக்கு வரும் மெயில் சேரும் பொது ஸ்பூலைப் பூட்டுகிற குட்டி நிரல் அது. மெயில் குழுவின் அனுமதியோடு நிறுவ ரூட் என்ற நிர்வாகி உரிமை வேண்டும். என் மெயில் முழுக்க ஐமேப்பில் இருப்பதால் எனக்கு அது தேவையே இல்லை.

நிறுவியதும் மட் ஹைஃபன் வி கொடுத்துப் பார்ப்பது அவசியம். எந்த வசதி உள்ளே வந்தது, எது வரவில்லை என்று பிளஸ், மைனஸ் குறிகளோடு நீளமாகப் பட்டியல் வரும். எஸ்ஏஎஸ்எல் முன்னால் பிளஸ் இருந்தது. ஆனாலும் முதல் மெயிலை அனுப்பும்போது, சான்றளிக்க வழி எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டது. கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை. லைப்ரரி இருக்கிறது, பிளெயின், லாகின் போன்ற சான்றளிப்பு முறைகள் வேறொரு மாட்யூல் பொதியில் இருக்கின்றன. அது வந்ததும் மறுபடி கம்பைல் செய்யாமலே மெயில் போனது. பிளஸ் குறியை முழுதாக நம்ப முடியாத இடம் இது.

தமிழ்த் தலைப்புகளுக்கு அகல எழுத்துகளைக் கையாளும் கர்சஸும் யூடிஎஃப்-8 லொகேலும் (கணினியின் மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) வேண்டும். லொகேல் சரியில்லாவிட்டால் தலைப்பு முழுக்கக் கேள்விக்குறிகள். இரண்டும் இருந்தும் சில டெர்மினல்களில் கொம்பும் காலும் வரும் இடங்களில் வரி கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. அது டெர்மினல் எழுத்தின் அகலத்தைக் கணக்கிடும் விதம். மட் நிரலைக் குறை சொல்லக் கூடாது.

ஹெடர் கேஷுக்கு, மட் நிரலின் அமைப்புக் கோப்பான மட் ஆர்சியில் ஓர் இடம் காட்டிய பிறகு பெரிய ஃபோல்டர்கள் சட்டென்று திறக்கின்றன. கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் வெறுமனே எழுதாமல், ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய இன்னொரு கோப்பிலிருந்து படிக்க வைத்திருக்கிறேன். மூலநிரல் டைரக்டரியை இன்னும் அழிக்கவில்லை. நான் கொடுத்த கான்ஃபிகர் வரி முழுதாக அங்கே உள்ள கான்ஃபிக் லாக் என்ற பதிவுக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு அதை அப்படியே எடுத்து ஓட்டினால் சரி.