நான்கு லீயின் சராசரியும் ஒரு டப்பா துண்டுச் சீட்டும்

அப்போது நான் கோவைப் பகுதியில் ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் நூலை எடை போடுவதும் இரவில் தேற்றங்களைப் படிப்பதும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளாகவே எனக்குத் தோன்றின. பல எண்களின் சராசரி எப்படிப் பரவி நிற்கும் என்று சொல்லும் மைய எல்லைத் தேற்றத்தைத் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதத் தெரிந்திருந்தும், அது என் மேசைமேல் இருந்த தராசைப் பற்றித்தான் பேசுகிறது என்பது புரிய ஏறத்தாழ ஓராண்டு ஆனது. எந்த இடத்தில் தடுக்கி நின்றேன், எது பிடிபட்ட பிறகு மற்றவை பிடிபட்டன என்பதை, இதே இடத்தில் நிற்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிக்கும் நம்பரை, அதாவது கவுண்ட்டை, கண்டறியும் முறை எளிது; நம்பர் கூடினால் நூல் மெலிந்திருக்கும். நூல் சுற்றிய சிறு குழலான காப்பிலிருந்து 120 கெஜம் நூலை ராப் ரீல் என்ற அளவைச் சக்கரத்தில் சுற்றி எடுப்போம். அது ஒரு லீ. அதன் எடையைக் கிராமில் பார்த்து, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக ஓடும் மில்லிலும் எல்லா லீயும் அதே எடையில் நிற்பதில்லை. எங்கள் பதிவேட்டின்படி தனித்தனி லீக்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் சுமார் 0.6 கவுண்ட். ஆகவே 40-இலிருந்து இரு பக்கமும் இரண்டு திட்ட விலக்கம் தள்ளி, 38.8 முதல் 41.2 வரை எந்த லீ வந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கமாக இருந்தது.

ஒரு நாள் காலை ஷிப்டில் நூல் நூற்கும் இயந்திரமான ஒரு ரிங் ஃபிரேமிலிருந்து நான்கு லீ எடுத்தேன். 41.1, 40.8, 41.1, 41.0 என்று வந்தன. நான்கும் வரம்புக்குள் இருந்தன; சராசரி 41.0, அதுவும் வரம்புக்குள் இருந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஷிப்டில் ஃபிரேமைத் திறந்து பார்த்தபோது, 40 பல் பினியன் (சிறு பற்சக்கரம்) இருக்க வேண்டிய இடத்தில் 39 பல் பினியன் மாட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரு பல் குறைந்ததால் இழுவை கூடி, நூல் 41-ஆம் நம்பராக மெலிந்து ஓடியிருக்கிறது. அதற்குள் எடுத்த காப்புகள் அனைத்தையும் தனியே ஒதுக்க வேண்டியதாயிற்று. ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டின் அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, நாலும் ஒரே பக்கமா நிக்குதே, கவனிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு லீயும் சரியாக இருக்கும்போது நான்கின் சராசரி மட்டும் எப்படித் தவறாக முடியும் என்பதுதான் என் மனத்தில் ஓடியது. அன்றிரவு பாடநூலைத் திறந்தபோது, கூறெடுப்புப் பரவல் என்ற தலைப்பை முதல்முறையாகத் தேர்வை மறந்து படித்தேன். என் குழப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிய இன்னும் சில வாரங்கள் ஆயின. மூன்று வெவ்வேறு பரவல்களை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். ஃபிரேமில் ஓடும் எல்லா நூலின் கவுண்ட்டும் சேர்ந்தது முழுமைத்தொகுதியின் பரவல். என் கையில் இருந்த நான்கு எண்கள் கூறின் பரவல். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: அதே ஃபிரேமிலிருந்து மீண்டும் மீண்டும் நான்கு நான்காக லீ எடுத்து, ஒவ்வொரு முறையும் சராசரியை எழுதிக்கொண்டே போனால், அந்தச் சராசரிகள் எப்படிப் பரவி நிற்கும் என்பது. நான் எடுத்தது ஒரே ஒரு கூறு, எனவே என்னிடம் இருந்தது ஒரே ஒரு சராசரி. அந்த ஒற்றைச் சராசரியும் ஒரு பரவலிலிருந்து வந்து விழுந்த ஓர் எண்தான் என்பதை ஏற்க மனம் வெகுநாள் மறுத்தது.

படித்துப் புரியாததைக் கையால் செய்து பார்ப்போம் என்று துணிந்தேன். ஓர் எவர்சில்வர் டப்பாவில் நூறு துண்டுச் சீட்டுகள் போட்டேன். ஒரு சுற்றில் எத்தனை இழை அறுபடுகிறது என்ற கணக்கின் சாயலில் எண்களை எழுதினேன். அந்தக் கணக்கில் பெரும்பாலும் சுழியம் வரும், எப்போதாவது ஒரு பெரிய எண் வரும். 62 சீட்டில் சுழியம், 20 சீட்டில் ஒன்று, 5 சீட்டில் இரண்டு, 10 சீட்டில் நான்கு, 3 சீட்டில் பத்து. இவற்றின் சராசரி சரியாக 1, திட்ட விலக்கம் சரியாக 2. வரைந்தால் இடது ஓரத்தில் ஒரு பெரிய தூணும் வலப்பக்கம் நீண்ட வாலுமாக இருக்கும். மணி வடிவத்தின் சாயல்கூட இதில் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தேன்.

ஒரு சீட்டை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குவேன். நான்கு எடுத்ததும் ஒரு சராசரி. இப்படி நூறு சராசரிகள் சேர்த்து வரைதாளில் குறித்தபோது, படம் இன்னும் கோணலாகவே இருந்தது. நான்கு சீட்டும் சுழியமாக வரும் வாய்ப்பே நூற்றுக்குப் பதினைந்து அளவில் இருப்பதால் இடது ஓரத்துத் தூண் போகவில்லை. ஆனால் பத்து என்ற எண் இருந்த இடத்தில் ஒரு சராசரிகூட விழவில்லை. சராசரி பத்தாக வேண்டுமென்றால் நான்கு முறையும் அந்த மூன்று சீட்டுகளில் ஒன்றே கையில் வர வேண்டும் அல்லவா? அடுத்துப் பதினாறு பதினாறாக எடுத்தேன். நூறு சராசரிக்கு 1,600 முறை டப்பாவுக்குள் கைவிட வேண்டும் என்பதால் பல இரவுகள் பிடித்தன. இந்தமுறை சுழியத்தில் தூண் இல்லை. ஒன்றைச் சுற்றி ஒரு மேடு எழுந்து, இரு பக்கமும் சரிந்தது. அந்த வரைதாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிற்பாடு ஒரு செய்தியைப் படித்தபோது மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரைக்காக, 3,000 கைதிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காக 750 கூறுகள் எடுத்துச் சரிபார்த்திருக்கிறார். ஆலையின் ஆய்வகத்தில் சிறு கூறுகளோடு மல்லாடுபவனுக்கு வரும் கவலையிலிருந்தே அந்தக் கட்டுரை பிறந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு புள்ளியியலை வேறு யாருக்கோ உரிய பாடமாக நான் நினைக்கவில்லை.

டப்பா எனக்குக் காட்டிய முக்கியமான விஷயம், இங்கே இரண்டு தனித்தனி உண்மைகள் இருக்கின்றன என்பது. முதலாவது அகலம் பற்றியது. ஒன்றையொன்று சாராத எண்களைக் கூட்டினால் அவற்றின் பரவற்படிகளும் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) கூடும். கூட்டுத்தொகையைக் கூறின் அளவால் வகுக்கும்போது பரவற்படி அந்த அளவின் வர்க்கத்தால் வகுபடும். ஆகவே சராசரியின் திட்ட விலக்கம், அதாவது திட்டப் பிழை, கூறின் அளவின் வர்க்கமூலத்தால் குறைகிறது. என் டப்பாவில் நான்குக்கு 1, பதினாறுக்கு 0.5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும். இதற்கு மைய எல்லைத் தேற்றம் தேவையே இல்லை. நான்கு சீட்டுக்கும் நாற்பது சீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். இரண்டாவது வடிவம் பற்றியது; தேற்றம் பேசுவது இதைத்தான். முழுமைத்தொகுதியின் பரவற்படி முடிவுள்ளதாக இருந்தால், அதன் வடிவம் எதுவானாலும், கூறின் அளவு பெருகப் பெருகச் சராசரியின் பரவல் மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும். கூறு பெரிதானால் எண்களே இயல்நிலையாகிவிடும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தது தவறு. ஆயிரம் சீட்டு எடுத்தாலும் அவற்றில் ஏறக்குறைய 620 சுழியமாகத்தான் இருக்கும். மாறுவது சராசரியின் பரவல் மட்டுமே.

அந்த மேடு ஏன் எழுகிறது என்பதற்கு இரண்டு தாயக்கட்டைகள் போதும். ஆறு முகக் கட்டைகள் இரண்டை உருட்டினால் 36 வழிகள்; கூட்டுத்தொகை 2 வர ஒரே வழி, 7 வர ஆறு வழிகள். ஓரத்துக்குப் போக எல்லாக் கட்டைகளும் ஒத்துழைக்க வேண்டும், நடுவுக்கு வரவோ ஒன்று ஏற ஒன்று இறங்கினாலே போதும். 1733-இல் கணித அறிஞர் டி மாய்வர் நாணயம் சுண்டுவதில் கண்ட வளைகோட்டை 1810-இல் லாப்லாஸ் பொதுத் தேற்றமாக விரித்தார். 'மைய' என்ற அடைமொழியை 1920-இல் தந்தவர் போல்யா. வளைகோட்டின் நடுவைத்தான் அது குறிக்கிறது என்று எண்ணியிருந்தேன். நிகழ்தகவுக் கோட்பாட்டில் இந்தத் தேற்றம் வகிக்கும் மைய இடத்தையே அவர் குறித்தார்.

பிறகு கணினியில் விரிதாளில் அதே டப்பாவை அமைத்து, முப்பது முப்பதாகப் பத்தாயிரம் கூறுகள் எடுத்துப் பார்த்தேன். முப்பது இருந்தால் போதும் என்று பாடநூல்கள் சொல்லும் விதியை மனப்பாடமாக நம்பியவன் நான். படமோ இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது. கணக்கிட்டதும் காரணம் தெரிந்தது. பரவல் ஒரு பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் கோட்டக் கெழு என் சீட்டுகளுக்கு 3; சராசரியில் அதுவும் வர்க்கமூலத்தால்தான் குறைகிறது; முப்பதுக்கு ஏறக்குறைய 0.55 மிச்சமிருக்கும். நூறு சீட்டு எடுத்தால்கூட 0.3 இருக்கும். லீ எடையைப் போல ஏற்கெனவே சமச்சீராக இருக்கும் அளவைக்கு நான்கே போதும், இழை அறுபடும் எண்ணிக்கைக்கு முப்பது போதாது. முப்பது என்ற எண்ணை விதியாகக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் முழுமைத்தொகுதியின் வடிவத்தைப் பார்க்கச் சொல்லலாம் என்பது என் உறுதியான கருத்து.

இத்தனைக்கும் பிறகுதான் மாஸ்டரின் கேள்விக்குப் பதில் எழுத முடிந்தது. தனி லீயின் திட்ட விலக்கம் 0.6, நான்கு லீச் சராசரியின் திட்டப் பிழை 0.3. இலக்கு 40 எனில், 41.0 என்பது மூன்று திட்டப் பிழைக்கும் அப்பால் நிற்கிறது. ஃபிரேம் சரியாக இருந்தால் இரு பக்கமும் சேர்த்து அவ்வளவு விலகல் ஆயிரத்தில் ஒருமுறைகூட வராது. தனி லீக்கு உரிய வரம்பைச் சராசரிக்கு வைத்ததுதான் என் தவறு. 1924-இல் அமெரிக்கரான ஷூஹார்ட் தரக் கட்டுப்பாட்டுக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தில் சராசரிக்கு மூன்று திட்டப் பிழை தள்ளிக் கோடு போடுவார்கள். எங்களுக்கு அது 39.1-உம் 40.9-உம். ஆய்வகச் சுவரில் அப்படியொரு வரைபடம் நான் சேரும் முன்பே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கோடுகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

கடைசியாகப் பிடிபட்டது, ஒன்றையொன்று சாராமை என்ற நிபந்தனை. ஒரே காப்பிலிருந்து நான்கு லீயையும் எடுத்துவிட்டால் அவை உடன்பிறப்புகள் போல ஒரே சாயலில் இருக்கும். மொத்தப் பரவற்படி 0.36-இல் காப்புக்குக் காப்பு வேறுபாடு 0.27 என்றும், ஒரு காப்புக்குள் இருக்கும் வேறுபாடு 0.09 என்றும் வைத்துக்கொண்டால், நான்கால் வகுபடுவது அந்த 0.09 மட்டும்தான். திட்டப் பிழை 0.3-ஆகக் குறையாமல் 0.54-இலேயே நிற்கும். அப்போது 41.0 என்ற சராசரி இரண்டு திட்டப் பிழைக்குள் அடங்கிவிடும், அதை எச்சரிக்கை என்று சொல்ல முடியாது. அந்த நாளின் நான்கு லீக்களும் எந்தெந்தக் காப்பிலிருந்து வந்தவை என்று பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். அதை எழுதுவதற்கு அதில் கட்டமே இல்லை. அடுத்த பக்கத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து, காப்பு எந்தக் கதிரில் சுற்றப்பட்டது என்று குறிக்க 'ஸ்பிண்டில் எண்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.