அக்காவின் வயலின் வந்து சேரும் நேரம்

சிங்கப்பூரை விட்டுச் சென்னை மந்தைவெளிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மிருதங்கம் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன். வெளிநாட்டவர் பதிவு, வாடகை ஒப்பந்தம், காஸ் இணைப்பு எல்லாம் ஒருவழியாக முடிந்தது, வெயிலும் பழகிவிட்டது. சிங்கப்பூரிலேயே இருக்கும் அக்காவோடு சேர்ந்து வாசிக்க முடியாததுதான் பழகவே இல்லை. அவள் வயலின். சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் உட்கார்ந்து வாசித்தவர்கள் நாங்கள்.

முதலில் சாதாரண வீடியோ காலில் முயன்றோம். தெரிந்த உருப்படிதான், ஒரு வர்ணம், ஆனால் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும், வேகம் இறங்கிக்கொண்டே போனது. "ஏன்டா தம்பி இழுக்கிற?" என்கிறாள். எனக்கோ அவள்தான் இழுப்பதாகக் கேட்கிறது. அவள் வில் போட்டது எனக்குத் தாமதமாக வருகிறது, அதற்கு நான் வாசிப்பது அவளுக்கு இன்னும் தாமதமாகப் போகிறது, அவள் எனக்காக நிற்க, நான் அவளுக்காக நிற்க, தாளம் படுத்துவிடுகிறது. தாளத்தின் ஒரு எண்ணிக்கையான அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால், அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வரும் மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லிசெகண்ட்தான். போக 150, வர 150 என்றால் ஒரு ஸ்வரத்துக்கு மேலேயே தள்ளிப்போகிறது.

தூரம்தான் காரணம் என்று நினைத்து மனம் விட்டுப்போயிருந்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். ஆக ஒரு வழிக்கு 16 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் காற்றில் ஒலி பதினெட்டு அடி போகும், அவ்வளவுதான். பதினெட்டு அடி தள்ளி உட்கார்ந்து தாராளமாக வாசிக்கலாமே! மீதித் தாமதத்தில் பெரும்பகுதி எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தது.

ப்ளூடூத் இயர்போனைத் தூக்கிவைத்துவிட்டு ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கினேன். ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து என் அறைக்கு லேன் கேபிள் இழுத்தேன். கதவு இடுக்கில் அது நசுங்குவதைப் பார்த்த வீட்டுக்கார மாமி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி அதன்மேல் சுற்றிக் கொடுத்தார். வீடியோவை அணைத்துவிட்டு ஜமுலஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம், அதன் சர்வரை அக்கா அங்கே தன் கணினியிலேயே ஓட்டுகிறாள். தாமதத்தைக் காட்டும் விளக்கு அதில் உண்டு. எங்களுக்குப் பச்சை அபூர்வம், மஞ்சள் வந்தாலே சந்தோஷம்.

மிச்சமிருக்கும் தாமதத்துக்கு ஒரே வழி, ஒருவர் மற்றவருக்காக நிற்கவே கூடாது. சனிக்கிழமை அக்கா தன் காலில் தாளம் போட்டுக்கொண்டு, என் சத்தத்தைக் குறைத்துவைத்து, நேராக வாசித்துப்போவாள். நான் கேட்டபடி தொடர்வேன். எனக்கு எல்லாம் சரியாகச் சேர்ந்து ஒலிக்கும், அவளுக்கு என் மிருதங்கம் பின்தங்கிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தாளம் என்னிடம், சேர்ந்து கேட்கும் பாக்கியம் அவளுக்கு. முடிப்பில் வரும் கணக்கான கோர்வையை மட்டும் ஒன்றாக வாசிப்பதில்லை. நான் அதைத் தகதிமி என்று சொற்கட்டாக வாயால் சொல்லி முடித்த பிறகு அவள் வாசிப்பாள்.

போன ஞாயிறு இங்கே காலை ஆறரை, அங்கே ஒன்பது. ஒரு கீர்த்தனையை முழுசாக வாசித்தோம். முடிந்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். "பக்கத்துல உக்காந்த மாதிரியே இருந்துச்சுடா" என்றாள். எனக்கு அன்றைக்கு வயலின் முழுக்க விலகித்தான் கேட்டது. அடுத்த சனிக்கிழமை என் முறை.