லேத்தை வெட்டு மண்ணுக்கு மாற்றினோம்

ஹட்டனில் எங்கள் பட்டறை, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருக்கிறது. மேட்டுப் பக்கம் வெட்டிய மண், பள்ளத்துப் பக்கம் கொட்டி நிரப்பிய மண். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒன்றரை டன் லேத்தை, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மிஷினை, கினிகத்தேனை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லொறியில் ஏற்றி வந்தேன். வெளிச்சம் கிடைக்கட்டும் என்று பள்ளத்துப் பக்கக் கதவோரம் வைத்தேன்.

ஒரு பருவமழை முடிந்ததும் கடையும் தண்டுகள் எல்லாம் ஒரு நுனி பருத்தே வந்தன. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன், தண்டின் மறுநுனியைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கை மூன்று தடவை நேராக்கினேன். தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்த மாமா வந்து பார்த்தார். "மிஷின்ல குத்தம் தேடாத மாப்பிள்ள, தரையப் பாரு" என்றார்.

டெயில்ஸ்டொக்கை விலக்கிவிட்டு, தடித்த கம்பி ஒன்றை, சுழலும் பிடியான சக்கில் மட்டும் பிடித்தோம். 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு, டூலின் வெட்டு ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் கடைந்தோம். வெளிநுனி வளையம் 0.06 மில்லிமீட்டர் கூடுதல். வலது முன்கால் இறங்கி, லேத்தின் நீளமான அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சிமெந்துத் தரையில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது.

காலுக்கடியில் தகடு வைத்தால் அன்றைக்குச் சரியாகிவிடும். அடுத்த மழைக்கு மண் மறுபடி இறங்குமே! மேட்டுப் பக்கத்துக்கே மாற்ற முடிவு செய்தோம்.

அங்கே சுவரில் ஈரம் கசியும். அதனால் இரண்டரை அடி விட்டு, சுவரோரம் சின்னக் கான் ஒன்று வெட்டினோம். ஓர் அடி ஆழத்துக்குக் கம்பி கட்டிக் கொங்கிரீட் போட்டு, போல்ட்டுக்குக் குழி விட்டோம். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி, 28 நாள் முழுக்கக் காத்திருந்தேன். குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படவே கூடாது.

நகர்த்திய நாளில் நாலு பேர். லேத்தின் கனம் முழுக்கத் தலைப்பக்கமும் மேல்பக்கமும்தான், சட்டென்று கவிழ்ந்துவிடும். காலுக்கடியில் நீளமான மரக்கட்டை இரண்டு போட்டு, இரும்புக் குழாய்கள் மேல் உருட்டி, அலவாங்கால் அங்குலம் அங்குலமாக நெம்பினோம். கையைக் கீழே விடக்கூடாது என்பதை மாமா பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அப்புறம் குழியில் போல்ட்டைத் தொங்கவிட்டு, மட்டம் பார்த்து, சுருங்காத கலவை ஊற்றினோம். அது இறுகிய பிறகுதான் நட்டைத் தொட்டோம். நட்டை ஒரேயடியாக முறுக்கினால் அதுவே பெட்டைத் திருகிவிடும். கால் சுற்று முறுக்கி, ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவைக்கூடக் காட்டும் மட்டக் கருவியைப் பார்த்து, மறுபடி கால் சுற்று. முழுசாக ஒரு பகல் போனது.

கரண்ட் கொடுத்ததும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படிச் சுற்றினால் மரை போட்ட சக் கழன்று பறந்துவிடும் என்று முன்னமே கழற்றி வைத்திருந்தோம். இரண்டு பேஸ் வயரை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பூட்டியதும் சரி.

மறுபடி இரண்டு வளையம் கடைந்தோம். மாமாதான் மைக்ரோமீட்டரைப் பிடித்தார். இரண்டும் ஒரே அளவு. ரோலர் தண்டு ஒன்று ஒரு மாதமாக மூலையில் கிடந்தது, அதைத் தூக்கிச் சக்கில் மாட்டினேன்.