மூன்று கப்பில் எது வேறு? காரைக்குடியில் காபிச் சுவைப் பயிற்சி

உலகக் காபி சுவைப்புப் போட்டியில் 8 செட், செட்டுக்கு 3 கப். இரண்டில் ஒரே காபி. வேறானதைக் கண்டுபிடித்துத் தள்ளி வைக்க வேண்டும். நேரம் 8 நிமிடம். அதிக செட் சரியாகச் சொன்னவருக்கு முன்னிடம், சமமானால் சீக்கிரம் முடித்தவருக்கு.

காரைக்குடியில் பயிற்சி எடுத்ததில், நாக்கைவிடக் கப் அடுக்குவதற்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. சுவை தவிர வேறு எதுவும் துப்புக் கொடுக்கக் கூடாது. காபி ஊற்றி வைத்த பிளாஸ்குகளில் ஒன்று கொஞ்சம் ஆறியிருந்தாலும் போதும், நாக்கு சூட்டைத்தான் பிடிக்கும். எல்லாக் கப்பும் ஒரே அளவு நிரம்பியிருக்க வேண்டும். விடைக்கான ஸ்டிக்கர் கப்பின் அடியில். இடத்தை ஆறு முகப் பகடை முடிவு செய்யட்டும்: அ, ஆ என்ற இரு காபிக்கு ஆறே வரிசைதான் (அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ), ஆறு முகத்துக்கும் ஒவ்வொன்று. அடுக்குபவர் மனம்போல வைத்தால் பழக்க தோஷம் வந்துவிடும்.

வீட்டு டிகாக்‌ஷன் இதற்கு ஆகாது, கெட்டி அதிகம். லிட்டருக்கு 60 கிராம் தூள், 93 டிகிரி வெந்நீர், காகித வடிகட்டி. சிக்கரி கலந்த தூள் ஓடிய மெஷினில் அரைத்தால் மிச்சம் ஒட்டி வரும். முதலில் ஒரு கைப்பிடி கொட்டையைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்தால் காபியின் புளிப்பை முறித்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து டிடிஎஸ்ஸை (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 150 மில்லிகிராம் பக்கம் கொண்டுவந்தோம்.

ஜோடிகளின் சுவையைப் படிப்படியாக நெருக்க வேண்டும்: பிளாண்டேஷன் ஏ-வுக்கு (பழத்தசை நீக்கிக் கழுவிய அராபிகாவின் ஒரு தரம்) எதிரே ரோபஸ்டா செர்ரி (பழத்தோடே உலர்த்திய ரோபஸ்டா), அடுத்து அதே முறையில் உலர்த்திய அராபிகா செர்ரி, கடைசியில் வேறு எஸ்டேட்டின் பிளாண்டேஷன் ஏ. இந்தக் கடைசி ஜோடிதான் உண்மையான பயிற்சி. அதில் முதல் வாயில் வித்தியாசம் தெரியாது. விழுங்காமல் துப்பிய பின் தொண்டையில் நிற்கும் கசப்பையும் புளிப்பையும் கவனித்தால் பிடிபடும்.

நம்மூர்ச் சாப்பாட்டை இந்த நாட்களில் தள்ளி வைத்தே ஆக வேண்டும். மிளகாய்க் காரம் நாக்கை மரக்கச் செய்யும், செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசி வாசனை மூக்கை விட்டுப் போகாது. வெற்றிலை பாக்கும் கூடாது.

போட்டியில் முதல் இரண்டு கப்பும் ஒன்றென்று உறுதியானால் மூன்றாவதைத் தொடவே வேண்டாம், அதுதான் விடை. வேறானால் மட்டும் மூன்றாவது. சத்தமாக உறிஞ்சுங்கள், மணம் மூக்குக்கு ஏறும். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியை அலசுங்கள். செட்டுக்குச் சராசரி 60 நொடி. தடுமாறும் செட்டை விட்டு நகர்ந்து, கடைசியில் திரும்புங்கள். காபி ஆறியபின் வித்தியாசம் தெளியும். அப்போதும் தெரியாவிட்டால் ஒன்றைத் தள்ளிவிடுங்கள், மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு.