கேலஸ் வராமல் விதை முளைக்கிறதா? 2,4-டி ஸ்டாக்கைப் பாருங்கள்

ஏஎஸ்டி 16 நெல் விதையில் ஒருவழியாகக் கேலஸ் (வேர், தண்டு என்று பிரியாத செல் திரள்) வந்துவிட்டது. எம்எஸ் ஊடகம் (திசு வளர்ப்புக்கான சத்துக் கலவை), லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், 8 கிராம் அகார், பிஎச் 5.8, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம்). இதிலெல்லாம் ஒரு வில்லங்கமும் இல்லை. படுத்தி எடுத்தது கேலஸைத் தூண்டும் ஹார்மோன் மருந்தான 2,4-டிதான்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் ஊற்றியும், முதல் தொகுதி விதைகள் நாற்றங்காலில் தூவியதுபோல வேரும் தண்டும் விட்டு முளைத்தன. இப்படி முளைத்தால் மருந்து ஊடகத்தில் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஆய்வகத்தில் முன்பே இருந்த ஸ்டாக் (அடர் கரைசல்) பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடியில் ஊசி ஊசியாகப் படிகம்! அமில வடிவ 2,4-டி தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடக் கரையாது. எத்தனாலில் கரைத்துத் தண்ணீர் சேர்த்தாலும் ஃபிரிட்ஜுக்குள் போனதும் படிந்துவிடும். 100 மில்லிகிராமை 1 மில்லி 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் முழுசாகக் கரைத்த பிறகே, கலக்கியபடி 100 மில்லி ஆக்குங்கள். ஊடகத்தின் பிஎச்சை இதையும் சேர்த்த பிறகு சரிசெய்யுங்கள்.

புதிதாக அமிலம் கேட்டால் வந்தது சோடியம் உப்பு. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் விற்பனையாளர். ஒன்றில்லை. அமிலத்தின் மூலக்கூறு எடை 221, உப்பு 243, நீரேறிய உப்பு என்றால் 261. 100 மில்லிகிராம் அமிலத்துக்கு ஈடாக 110 அல்லது 118 எடுக்க வேண்டும். லேபிளைப் படிக்காமல் எடை போடாதீர்கள். ஒரு நன்மை, உப்பு நேரடியாகத் தண்ணீரில் கரையும். அதற்காக உரக்கடையில் 2,4-டி என்று விற்கும் களைக்கொல்லியை வாங்கிவிட வேண்டாம், அதில் வேறு சேர்மானங்களும் உண்டு.

உமி நீக்கும்போது கரு உடைந்த விதைகளைக் கழித்துவிடுங்கள். கிருமி நீக்க, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு ஹைப்போகுளோரைட் (ப்ளீச்), ஐந்து முறை கழுவல். திறந்து நாளான ஹைப்போகுளோரைட்டில் வீரியம் இருக்காது. கருவைச் சுற்றிப் பால்போலக் கசிந்தால் பாக்டீரியா, அந்த விதையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இருட்டில் 27 டிகிரி. தொடக்கத்தில் சைட்டோகைனின் (செல் பிரிவைத் தூண்டும் இன்னொரு ஹார்மோன்) தேவையில்லை, இரண்டும் சேர்க்கும் புகையிலைக் கணக்கை நெல்லுக்குப் போடக் கூடாது. மூன்றாம் வாரத்தில் வெளிர்மஞ்சளாக, உருண்டை உருண்டையாக, தொட்டால் உதிர்வதை மட்டும் எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். கண்ணாடிபோல நீர்கோத்த கேலஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். செடியாக்கும் எண்ணமிருந்தால் மறுவளர்ப்பை (புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி வளர்ப்பதை) நீட்டிக்கொண்டே போகாதீர்கள். கேலஸ் வயதாக ஆகத் தளிர் குறையும், வருவதிலும் பச்சையமற்ற வெளிறியவை கூடும்.